இரண்டு ஊர், ஒரு டேட்டாபேஸ் – 7: அந்த 43 வினாடி

ஒரே கட்டடத்துக்குள் பிரைமரி சர்வர் படுத்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் ரெப்ளிகா எப்படிப் பொறுப்பேற்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். கட்டடமே கைவிட்டால் என்ன செய்வது என்பதற்காகத்தான் வேறு ஊரில் இன்னொரு டேட்டா சென்டர் வைக்கிறோம். ஆனால் தூரம் வந்ததும் கணக்கே மாறிவிடுகிறது. இதை விளங்கிக்கொள்ள, 2018-இல் கிட்ஹப் பட்ட பாட்டைப் போல இன்னொரு பாடத்தை நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 21, ஞாயிறு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 6.52 மணி. பழுதாகிக்கொண்டிருந்த 100ஜி ஆப்டிகல் கருவியை மாற்றும் வழக்கமான பராமரிப்பு வேலை நடந்தது. அப்போது கிழக்குக் கரை நெட்வொர்க் மையத்துக்கும் முதன்மை டேட்டா சென்டருக்கும் இடையே தொடர்பு அறுந்தது. 43 வினாடியில் திரும்பியும்விட்டது. ஆனால் சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் பிடித்தது. இந்தியாவில் திங்கட்கிழமை வேலைநாள் முழுக்க அதற்குள் அடங்கிப்போனது.

எது பிரைமரி என்று தீர்மானிக்க ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருளை அவர்கள் வைத்திருந்தார்கள். அதன் கணுக்கள் பல இடங்களில் ஓடும்; பெரும்பான்மை சொல்வதே முடிவு. கிழக்கு டேட்டா சென்டர் கண்ணுக்குத் தெரியாமல் போனதும், மேற்குக் கரையில் இருந்தவையும் கிழக்கிலேயே பொது கிளவுடில் இருந்தவையும் சேர்ந்து பெரும்பான்மை ஆயின. பிரைமரி பொறுப்பை மேற்குக்கு மாற்றின. மென்பொருள் பிழை எதுவும் செய்யவில்லை. செட் செய்து வைத்தபடியே நடந்தது. எனக்கு இதில் மிகவும் உறுத்துவது அதுதான்.

அந்த நேரத்தில் கிழக்கில் ஏறியிருந்த சில பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கோ புதிய பதிவுகளை வாங்கத் தொடங்கிவிட்டது. இப்போது இரண்டு பக்கமும், மற்றதில் இல்லாத பதிவுகள். அதிக வேலை நடக்கும் கிளஸ்டர்களில் ஒன்றில் மட்டும் இப்படிச் சிக்கியவை 954.

ஒவ்வொரு பதிவையும் இரண்டு கரையிலும் எழுதிய பிறகே ‘சரி’ என்று சொன்னால் போதாதா என்று கேட்கலாம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கரைக்குக் கரை 4,000 கிலோமீட்டர் என்று வைத்தால், போய்வர மட்டும் 40 மில்லிவினாடி. ஒவ்வொரு பதிவுக்கும் அந்தக் காத்திருப்பு. டேட்டாபேஸே மறுகரையில் இருந்தால், ஒரு பக்கம் திறக்க அதை இருபது முறை அடுத்தடுத்துக் கேட்கும் செயலிக்கு 800 மில்லிவினாடி காத்திருப்பிலேயே கரைந்துவிடும். கிட்ஹப்பின் செயலிகள் கிழக்கிலும் டேட்டாபேஸ் மேற்கிலும் நின்றபோது இதே தூரம்தான் அவர்களைப் படுத்தியது. இரண்டு டேட்டா சென்டரும் 100 கிலோமீட்டருக்குள் இருந்தால் போய்வர ஒரு மில்லிவினாடிதான். உடனுக்குடன் எழுதுவது அங்கே கட்டுபடியாகும். ஆனால் ஒரே புயல் இரண்டையும் சேர்த்து அடிக்கக்கூடும்.

ஆகவே பிரைமரியை வேறு ஊருக்கு மாற்றும் தொலைதூர ஃபெயில்ஓவர் என்றால் சில பதிவுகளை இழக்கச் சம்மதிப்பது என்றே பொருள். அந்தச் சம்மதத்தை மென்பொருளிடம் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரே ஊருக்குள் தானாக மாறட்டும். ஊர் தாண்டும் முடிவை, பெயர் குறித்து வைத்த ஒரு பொறுப்பாளர் எடுக்கட்டும். கிட்ஹப்பும் பிறகு, பிராந்தியம் தாண்டி ஆர்க்கெஸ்ட்ரேட்டர் பிரைமரியை மாற்றாதபடி அமைப்பைத் திருத்தியது.

சேவையை விரைவாகத் திறப்பதைவிட ஒரு பதிவும் கெடாமல் காப்பதே முக்கியம் என்று அன்று கிட்ஹப் முடிவெடுத்ததை மதிக்கிறேன். அதற்குக் கொடுத்த விலை நேரம். நான்கு மணிக்கொரு முறை பேக்கப் எடுத்திருந்தார்கள். மீட்டுப் பார்க்கும் சோதனையும் தினமும் நடந்தது. ஆனால் ஒரு கிளஸ்டரை முழுதாக பேக்கப்பிலிருந்து எழுப்ப வேண்டிய தேவை அதுவரை வந்ததில்லை. பல டெராபைட் தரவு வெளியே கிளவுடில் இருந்தது. அதை இழுத்து வருவதிலேயே மணிக்கணக்கு போயிற்று.

இந்தக் கணக்கை யாரும் உட்கார்ந்து போட்டுவிடலாம். வினாடிக்கு 1 ஜிகாபிட் லைனில் ஒரு டெராபைட் வர, லைன் முழு வேகத்தில் ஓடினாலும், 2 மணி நேரத்துக்கு மேல். பத்து டெராபைட்டுக்கு 22 மணி நேரம் தாண்டும். வந்ததைப் பிரித்து, சரிபார்த்து, ஏற்றுவது தனி. பேரிடர் மீட்பு (டிஆர்) திட்டத்தில் ‘4 மணி நேரத்தில் மீட்போம்’ என்று எழுதும் முன், கடைசி பேக்கப்பின் ஒரு பிரதி இரண்டு டேட்டா சென்டருக்குள்ளும் இருக்கிறதா என்று பாருங்கள். கிளவுடில் இருப்பது மூன்றாவது பிரதியாக இருக்கட்டும்.