ஆழம் சொல்லும் பெட்டி

கரைக் கோபுரத்தையும் அதன் பின்னால் நிற்கும் பனையையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, வலை விரிக்கும் இடத்தைக் குறித்துக்கொண்ட பழைய வித்தை பாக் ஜலசந்தியில் முற்றிலும் மறைந்துவிடவில்லையாயினும், இன்று ஃபைபர் படகிலும் ஜி.பி.எஸ். கருவியும் எக்கோ சவுண்டரும் இடம்பிடித்துவிட்டன.

எக்கோ சவுண்டரின் தத்துவம் எளியது. படகினடியில் பொருத்திய உணரி அனுப்பும் ஒலி, கடல்நீரில் விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் வேகத்தில் சென்று, தரையிலோ மீனின் காற்றுப்பையிலோ பட்டுத் திரும்புகிற நேரமே ஆழமாகக் கணிக்கப்படுகிறது. காற்றுப்பையே இல்லாத சுறாவும் திருக்கையும் அதனால் மங்கலாகவே தென்படும்.

கடைக்குச் செல்பவர் திரையின் அகலத்தில் மயங்குவது சகஜம்; விசாரிக்கவேண்டியதோ அதிர்வெண். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி குறுகிய கூம்பாக இறங்கி ஆழங்குறைந்த நீரைச் சூக்ஷ்மமாகக் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் அகன்று பரவி நெடுந்தூரம் இறங்கும். ஜலசந்திக்குள்ளேயே தொழில் செய்பவருக்கு முன்னதே போதும். சூரைக்காக ஆழ்கடல் செல்பவருக்குப் பின்னது அவசியம். எத்துணை உயர்ந்த கருவியானாலும், உணரியை விசிறியின் நுரை படுமிடத்தில் வைத்தால் திரை முழுதும் புள்ளிமழைதான்.

ஜி.பி.எஸ். வாங்குபவர், 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய இலங்கைக் கடலெல்லையை அதில் பதிந்து, நெருங்கினால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியையும் அமைத்துக்கொள்வது உத்தமம். உப்பும் செதிலும் ஒட்டிய ஈரவிரலுக்குத் தொடுதிரை பணிவதில்லையாதலால், பொத்தான் வைத்த கருவியே என் தேர்வு. மிஞ்சும் பணத்தில் உபரியாக ஒரு பேட்டரி வாங்கலாம்.