மதகை மூடவிடாத செந்தேள்!

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவம் பார்க்கப் போகிற குடும்பங்கள் பல, திறந்தவெளியிலேயே துண்டை விரித்துப் படுத்துவிடும். செஞ்சிச் சுற்றுவட்டாரமே கல்லும் கரடுமான பூமி. கல்லிடுக்குதான் தேளுக்கு வீடு. ‘அம்மா, என்னமோ கொட்டிடுச்சு!’ என்று நடுராத்திரியில் குழந்தை அலறினால் என்ன செய்வீர்கள்?

பெரிய கருந்தேளைக் கண்டால்தான் நமக்குக் குலைநடுக்கம். உண்மையில் ஆபத்து, உருவில் சிறிய செந்தேளால்தான்.

விஷம் செய்வது என்ன?

நம் நரம்புச் செல்களின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால்கள் உண்டு. சோடியம், பொட்டாசியம் அயனிகள் இவற்றின் வழியே போய்வருவதால்தான் நரம்பில் செய்தி ஓடுகிறது. சோடியம் வாய்க்கால் ஏரி மதகு மாதிரி. கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் திறந்து, உடனே மூடிக்கொள்ள வேண்டும். செந்தேள் விஷம் அதைச் சரியாக மூடவிடாது. நரம்புகள் ஓயாமல் தூண்டப்படும். அட்ரினலின் வெள்ளமாகச் சுரக்கும். ரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

மகாராஷ்டிர மாநிலம் மஹாட் என்ற சிற்றூரில் இந்தக் கொடுமையைப் பார்த்துப் பார்த்து ஆராய்ந்தவர் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். சுருங்கிய ரத்தக்குழாயைத் தளர்த்தும் ‘பிரசோசின்’ என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரையை 1980-களில் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார். அதோடு விஷமுறிவு மருந்தும் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று 2011-ல் வெளியான அவரது ஆய்வு காட்டியது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மந்திரித்தால் இறங்குமா?

‘மந்திரிச்சதும் சரியாப் போச்சே, வைத்தியரே!’ என்பார்கள். பெரும்பாலான தேள்கடி வெறும் வலியோடு தானாகவே அடங்கிவிடும். பேர் மட்டும் மந்திரத்துக்கு! சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: கடிவாயில் வைக்கும் வெங்காயமோ, சுண்ணாம்போ, பச்சிலையோ இதயத்தைக் காப்பாற்றாது.

உடனே செய்ய வேண்டியது

வாந்தி, கொட்டும் வியர்வை, கை கால் சில்லிடுதல், மூச்சுத்திணறல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்; 108-ஐக் கூப்பிடுங்கள். வலி குறைவுதானே என்று அசட்டையாகவும் இருக்க வேண்டாம். குழந்தை என்றால், அறிகுறி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிதான். கடிவாயைக் கீறவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. பிரசோசினை டாக்டர்தான் கொடுக்க வேண்டும். நீங்களாக வாங்கித் தராதீர்கள்.

அடுத்த அமாவாசைக்குக் கிளம்பும்போது பையில் ஒரு டார்ச் லைட் இருக்கட்டும். படுக்குமுன் தரையைப் பாருங்கள். விடிந்ததும் செருப்பை உதறிப் போடுங்கள்.