லோகித் எழுத்துருக்கள்: வெளியீட்டுக்குப் பின் தொடரும் பணி

பள்ளி அலுவலகத்தில் மாணவர் பெயர்ப் பட்டியல் கணிப்பொறியில் தயாராகிறது. ஸ்ரீதர் என்னும் பெயரின் முதலெழுத்து ஒரு பொறியில் ஒழுங்காகத் தோன்றுகிறது. அதே பட்டியலை வேறொரு பொறியில் திறந்தால் கட்டமாகவோ, பிரிந்த துண்டுகளாகவோ நிற்கிறது. பலர் இதைத் தட்டச்சுப் பிழை என்று கருதுகின்றனர். பெரும்பாலும் குற்றம் எழுத்துருவின் பழமையிலேதான் இருக்கும். பொதுமக்களுக்குத் தடையின்றி அளிக்கப்பட்ட ஒரு மென்பொருள் ஆண்டுக்கணக்கில் பயன்பட்டு வருவதற்கு என்னென்ன வேண்டும் என்பதை இச்சிறு கோளாறு நன்கு விளக்குகிறது. புனே நகரில் உருவாகிப் பேணப்பட்ட லோகித் எழுத்துருக்களின் வரலாறு இதற்குப் பொருத்தமான சான்றாகும்.

லோகித் என்ற வடசொல்லுக்குச் சிவப்பு என்பது பொருள். புனேயைச் சேர்ந்த மாடுலர் இன்ஃபோடெக் நிறுவனம் வடிவமைத்துத் தந்த இவ்வெழுத்துருக்களை, ரெட் ஹாட் நிறுவனம் 2004இல் தமிழ் உள்ளிட்ட சில மொழிகளுக்கு முதலில் வெளியிட்டது. பிற மொழிகள் பின்னர்ச் சேர்ந்தன. எவரும் இவற்றை உபயோகிக்கலாம், பிரதி எடுக்கலாம், உள்ளமைப்பைத் திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் வழங்கலாம். இத்தகைய உரிமையோடு வருவனவே திறந்த மூல மென்பொருள்கள் எனப்படுகின்றன. இந்திய மொழிக் கணிப்பணி புனேக்குப் புதிதன்று. 1988இல் நிறுவப்பெற்ற சி-டாக் நிலையமும் அந்நகரிலேயே உள்ளது.

அச்சு ஈயத்தில் வார்த்த எழுத்து, தேயும்வரை மாறாமல் உழைக்கும். கணிப்பொறி எழுத்துருவின் நிலைமை வேறு. அது சார்ந்து நிற்கும் யூனிகோடு குறியீட்டு முறை வளர்ந்துகொண்டே செல்கிறது. 2005இல் வெளியான யூனிகோடு 4.1ஆம் பதிப்பில் ஶ என்னும் எழுத்துக்குத் தனி இடம் கிடைத்தது. அதன் விளைவாக ஸ்ரீ என்பதை எழுத இரண்டு வழிகள் ஏற்பட்டன: ஸகரத்தை முதலாகக் கொண்ட பழைய வரிசை ஒன்று, ஶகரத்தை முதலாகக் கொண்ட புதிய வரிசை மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். இரண்டையும் ஒரே வடிவில் காட்டும் கடமை எழுத்துருவின்மேல் விழுந்தது. 2008இல் ௐ என்ற தமிழ்க் குறியும், 2010இல் மத்திய அரசு ஏற்ற புதிய ரூபாய்க் குறியும் சேர்ந்தன. 2004இல் வெளியானபடியே விடப்பட்ட எழுத்துரு ஒன்றில் இம்மூன்றுக்கும் இடமே இராது. சம்பளப் பட்டியலில் ரூபாய்க் குறிக்குப் பதில் வெறுங்கட்டம் விழுந்தால் அலுவலகங்கள் படும் சங்கடத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்துருவைச் சார்ந்த பிற நிரல்களும் மாறுகின்றன. "கொ" என்று தட்டச்சிடும்போது ககரமும் ஒகரக் குறியுமே சேமிக்கப்படுகின்றன. ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை ககரத்துக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்துவது ஹார்ஃப்பஸ் போன்ற ஓர் அடுக்கு நிரலின் வேலை. இந்நிரலின் விதிகள் திருத்தப்பட்டால் எழுத்துருவின் விதிகளும் இணங்க வேண்டும்.

இவ்வளவையும் செய்தவர்கள் புனேயில் இருந்த ரெட் ஹாட் மொழிப் பிரிவினரும், வெளியிலிருந்து உதவிய தன்னார்வலரும் ஆவர். அவர்கள் பின்னாளில் மேற்கொண்ட லோகித் 2 என்னும் சீரமைப்பு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. எழுத்து வடிவங்களுக்குப் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட முறைப்படி பெயரிட்டனர். கூட்டெழுத்து விதிகளைச் சாதாரண உரைக் கோப்பாகப் பிரித்து எழுதினர். ஒருவர் விலகினாலும் அடுத்து வருபவர் படித்துப் புரிந்துகொள்ளவும், பிற எழுத்துருக்காரர் அவ்விதிகளை எடுத்தாளவும் இது வழி செய்தது. புதிய அழகு எதுவும் சேராத இவ்வேலையைப் பயனாளர் கண்டு பாராட்டுவது அரிது. ஆயினும் எழுத்துருவின் ஆயுளை நீட்டிப்பது இதுவே.

உரிமையிலும் ஒரு திருத்தம் அவசியமாயிற்று. முதலில் கையாண்ட ஜி.பி.எல். உரிமம் நிரல்களுக்காக எழுதப்பட்டது. ஓர் ஆவணத்தினுள் எழுத்துரு பொதிக்கப்பட்டால் அந்த ஆவணத்துக்கும் அந்நிபந்தனை பொருந்துமோ என்ற ஐயம் இதனால் எழக்கூடும். 2011இல் எழுத்துருக்களுக்கென்றே அமைந்த ஓ.எஃப்.எல். உரிமத்துக்கு லோகித் மாற்றப்பட்டது. விக்கிமீடியாவின் இணைய எழுத்துரு ஏற்பாட்டிலும் லோகித் தமிழ் இடம் பெற்றது.

சேமிக்கும் இடமும் நிலையானதன்று. பல திட்டங்களைத் தாங்கிவந்த ஃபெடோரா ஹோஸ்டட் என்னும் சேவை 2017இல் மூடப்பட்டபோது, அங்கிருந்த லோகித் கோப்புகள் வேறிடம் செல்ல நேர்ந்தது. டெபியன் போன்ற தொகுப்புகளைப் பேணுவோர் தனியே பிரதிகள் வைத்திருப்பதால் எழுத்துரு அடியோடு மறைந்துவிடும் அபாயம் குறைவு. உண்மையான அபாயம் ஆட்பற்றாக்குறையே. பல மாநில மக்கள் உபயோகிக்கும் ஒரு பொருளை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் ஊதியத்தில், காத்து வருவது பலமான ஏற்பாடு என்று கூறுவதற்கில்லை. நிறுவனத்தின் தேவைகள் மாறலாம்; அப்போது உரிமம் பிறருக்கு அனுமதி அளிக்குமேயன்றி வேலை செய்ய ஆளை அளிக்காது.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் நிரல் அறியாமலே இதில் உதவ முடியும். பிழை கண்டால் திரையின் படத்தை மட்டும் அனுப்புவது போதாது. எந்த எழுத்துகளை எந்த வரிசையில் தட்டச்சிட்டது, எழுத்துருவின் பதிப்பு எண், இயங்குதளம், உபயோகித்த செயலி ஆகியவற்றைக் குறித்து, பிழையுள்ள சொல்லை உரையாகவே இணைத்துப் பேணுவோருக்கு எழுத வேண்டும். ஸ்ரீ எந்த வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பது படத்திலிருந்து தெரியாது, உரையிலிருந்து தெரியும்.