பெட்டிக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், காசு போட்டால் கோகோ கோலா புட்டி தரும் இயந்திரம் ஒன்று கம்ப்யூட்டர் துறையில் இருந்தது. தள்ளியிருந்த அறைகளிலிருந்து மாணவர்கள் நடந்து வந்து பார்த்தால் சில நேரம் இயந்திரம் காலி. சில நேரம் அப்போதுதான் அடுக்கிய, குளிரேறாத புட்டி. நடையும் வீண், காசும் வீண்.

1980களின் தொடக்கத்தில் அவர்கள் அந்த இயந்திரத்தைத் துறைக் கம்ப்யூட்டருடன் இணைத்தார்கள். எந்த வரிசையில் சரக்கு இருக்கிறது, புட்டி உள்ளே போய் எவ்வளவு நேரமாயிற்று என்று கம்ப்யூட்டர் கணக்கு வைத்தது. 3 மணி நேரம் கடந்தால் 'குளிர்ந்தது' என்று காட்டியது. உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிட்டு எழுந்து வந்தார்கள். இணையத்தோடு இணைந்த முதல் சாதனம் என்று இன்றும் பலர் இதைத்தான் சொல்கிறார்கள்.

வியாபாரிகளாகிய நாம் இதில் கவனிக்க வேண்டியது அந்த நேரக் கணக்கைத்தான்.

நம் கடை ஐஸ்கிரீம் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். இரவில் கரண்ட் போய், சரக்கு இளகி, கரண்ட் வந்ததும் மறுபடி உறைந்துவிடுகிறது. காலையில் கடை திறக்கும்போது டிகிரி சரியாகவே இருக்கும். டப்பாவைத் திறந்த வாடிக்கையாளர்தான் உள்ளே ஐஸ் கட்டியைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு வருவார். ஆகவே சென்சார் வாங்கும்போது, இப்போது எத்தனை டிகிரி என்று மட்டும் காட்டுவது நமக்குப் போதாது. இரவில் எத்தனை நேரம் குளிர் குறைந்திருந்தது என்று சொல்ல வேண்டும். கரண்ட் போனால் கடை வைஃபையும் போய்விடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். பேட்டரியில் ஓடி, கணக்கைத் தன்னுள்ளேயே சேமித்து, பிறகு அனுப்புவதாக அது இருக்க வேண்டும்.

கதவைத் திறந்த ஒவ்வொரு முறையும் அலறுகிற சென்சாரால் தொல்லைதான். கதவு திறந்ததும் சூடாவது காற்று. சரக்கு அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. தடுப்பூசிப் பெட்டிகளில் சென்சார் முனையைச் சிறு திரவப் புட்டிக்குள் வைப்பது இதற்காகத்தான். இந்த வசதி உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. குளிர்பானக் கம்பெனிகள் தரும் கூலர்கள் சிலவற்றில் இப்போது சென்சார் பொருத்தியே வருகிறது. கதவு எத்தனை முறை திறந்தது, உள்ளே எவ்வளவு குளிர் என்பதெல்லாம் கம்பெனிக்குப் போகிறது. இடம் நமது, கரண்ட் பில் நமது. அந்தக் கணக்கு நம் கைக்கும் வருமா என்று, கூலரை இறக்கும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.