பாட்டியையும் கூட்டிக்கொண்டு தீவுக்குத் தீவு!

“கடலா? நான் ஒரு தடவை தாண்டி வந்ததே போதும் சாமி! என்னை விட்டுட்டு நீங்க போயிட்டு வாங்க!”

கோலா கெடா படகுத் துறையில் பாட்டி ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டு, இரும்புக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், மருமகள் கெஞ்சுகிறார், பெர்ரி புறப்படத் தயாராக உறுமுகிறது. எங்கள் தோட்டத்திலிருந்து லங்காவிக்குப் புறப்பட்ட கூட்டத்தில் அவர்தான் மூத்தவர். எட்டு வயதில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி, பாயை விரித்துப் படுத்து, வழியெல்லாம் வாந்தி எடுத்துப் பினாங்கில் இறங்கியவர். அன்றைக்குப் பிறகு கடல் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுத்ததில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கலாம். ரஜூலா 1973-ல் ஓய்ந்தது. அதன் இடத்துக்கு வந்த ‘சிதம்பரம்’ 1985-ல் கடலில் தீப்பிடித்ததோடு கப்பல் பயணம் என்பதே நம்மிடையே பழங்கதையாகிவிட்டது. பிறகு பிறந்த பிள்ளைகள் கடற்கரையில் காலை நனைத்ததோடு சரி. தீவுக்குத் தீவு படகில் போய் வருவதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கும் பட்டணத்துப் பணக்காரர்களுக்கும் என்று நாமே ஒதுங்கிக்கொள்கிறோம். ஏன் ஒதுங்கவேண்டும்? சீட்டுக் கட்டிப் பண்டிகைக்குச் சேமிக்கத் தெரிந்த நமக்கு, இரண்டு நாள் லங்காவிப் பயணம் எட்டாத கனி அல்ல.

எப்போது போவது என்பதுதான் முதல் கேள்வி. தீபாவளிக்குக் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் “தியோமான் போகலாம், பெர்ஹெந்தியான் போகலாம்” என்று இளவட்டங்கள் கிளம்புவார்கள். அவசரப்படாதீர்கள்! நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் மோதும் காலம். அங்கே அலை மலைபோல் எழும். தீவுகளில் பெரும்பாலான தங்குவிடுதிகள் கதவைச் சாத்திவிடும். லங்காவி மேற்குப் பக்கம் இருப்பதால் தீபகற்பமே அதற்கு மதில். கிழக்கே கடல் குமுறும் அதே மாதங்களில் இங்கே வானம் வெளுத்து, கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மழை மிகுந்த செப்டம்பர், அக்டோபர் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பால்மரத் தோட்டத்தாருக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் மரம் இலை உதிர்த்துப் பால் குறையும் காலமும் இதுதான். அப்போது நேரம் இருக்கும், காசு இருக்காது என்பீர்கள். உண்மைதான். ஆகவே பால் நன்றாகச் சுரக்கும் மாதங்களிலேயே ஒரு டப்பாவில் வாரம் சில வெள்ளி போட்டு வையுங்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்வோருக்குத்தான் இந்தக் கணக்கு உதவாது. பழுத்த குலை யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

லங்காவிக்கு இரண்டு வழிகள். கோலா பெர்லிசிலிருந்து போனால் ஏறக்குறைய ஒன்றே கால் மணி நேரம். கோலா கெடாவிலிருந்து ஒன்றே முக்கால் மணி. தலைசுற்றல் உள்ளவர்கள் குறைந்த தூரத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் ஏறாதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். படகின் முன்புறம் அதிகம் குதிக்கும். நடுவிலோ பின்னாலோ உட்காருங்கள். கண்ணை மூடிக் கவிழ்ந்து படுப்பதைவிட, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் குறையும். வாயில் ஒரு துண்டு இஞ்சி!

பாட்டி கடைசியில் ஏறினாரா? ஏறினார். பேத்தி அழுததால் ஏறினார். கண்ணை மூடி, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்தார். அரை மணி நேரம் பேச்சே இல்லை. பிறகு மெல்லக் கண் திறந்தவர், இடப்பக்கம் பின்னால் நீலமாக எழுந்து நின்ற மலையைப் பார்த்தார்.

“ஏம்ப்பா, அது நம்ம ஜெராய் மலை மாதிரி இல்ல இருக்கு?”

அதேதான்! அவர் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக லயத்து வாசலிலிருந்து தினம் பார்க்கும் குனோங் ஜெராய்! 1,217 மீட்டர் உயரம். கடலோரச் சமவெளியில் தனியாக நிற்பதால், சோழமண்டலக் கரையிலிருந்து பாய்மரம் விரித்து வந்த மாலுமிகளுக்குப் பழங்காலத்தில் அதுதான் கரை காட்டிய அடையாளம். அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் கிடைத்துள்ளன. 1025-ல் இராசேந்திர சோழனின் கடற்படை வந்து தாக்கிய கடாரம் இந்தக் கெடாதான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். நாம் மரம் சீவும்போது நிமிர்ந்து பார்க்கும் மலையைக் கடலிலிருந்து ஒரு தடவை பாருங்கள். புகைமூட்டம் இல்லாத நாளாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

குவா துறையில் இறங்கியதும் 12 மீட்டர் உயரப் பருந்துச் சிலை உங்களை வரவேற்கும். ‘ஹெலாங்’ என்றால் பருந்து, ‘காவி’ என்றால் செம்மண் நிறம். இரண்டும் சேர்ந்து லங்காவி ஆனது என்று ஒரு விளக்கம். அந்தப் பறவை வேறொன்றுமில்லை; செந்நிற இறக்கையும் வெண்ணிற மார்புமாக வட்டமிடும் நம் கருடன்தான். பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தீவு என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, லங்காவி 99 தீவுகளின் கூட்டம். கடல் வற்றும்போது இன்னும் 5 தலைகாட்டும் என்பார்கள். இங்குள்ள மச்சிஞ்சாங் மலையின் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டு பழைமையானவை. இப்படிப்பட்ட பாறைச் செல்வத்துக்காகவே 2007-ல் யுனெஸ்கோ ஆதரவு பெற்ற புவிப்பூங்காவாக லங்காவி அறிவிக்கப்பட்டது. நம்மவர்களும் இங்கே புதியவர்கள் அல்லர். தீவிலும் பால்மரம் உண்டு. சுங்கை ராயாவில் தமிழ்ப்பள்ளி இருக்கிறது.

தீவுகளைச் சுற்றிக் காட்டும் சிறு படகுகள் தெற்கே செனாங் கடற்கரைப் பக்கமிருந்து புறப்படும். மூன்று தீவு, மூன்று நான்கு மணி நேரம். ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: தலைக்கு எவ்வளவு? பிள்ளைகளுக்கு எவ்வளவு? ஏரிக்கு நுழைவுக் கட்டணம் தனியா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளுக்கொரு மிதவைச் சட்டை இருக்கிறதா? கைக்குழந்தைக்கும் அளவான சட்டை இல்லையென்றால் அந்தப் படகு வேண்டாம். வேர்க்கிறது, புடவை கசங்குகிறது என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும் அம்மாமார்களே, நீச்சல் தெரியாத நமக்கு அதுதான் தாலிக்கயிறு!

முதல் தீவு டாயாங் பூந்திங். கடலிலிருந்து பார்த்தால் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி மல்லாந்து படுத்திருப்பது போலவே மலைகள் தெரியும். உள்ளே நன்னீர் ஏரி ஒன்று. சுண்ணாம்புப் பாறைக் குகையின் கூரை இடிந்து விழுந்து உண்டான பள்ளம் அது. உப்புக் கடலுக்கும் இந்த ஏரிக்கும் நடுவே ஒடுங்கிய கற்சுவர் ஒன்றுதான் தடுப்பு! பிள்ளையைப் பறிகொடுத்த தேவமங்கை ஒருத்தி அந்தக் குழந்தையை ஏரியில் அடக்கம் செய்தாள் என்றும், பிள்ளைப்பேறு இல்லாதவர்கள் இங்கு நீராடினால் மடி நிறையும் என்றும் மலாய் மக்கள் கதை சொல்வார்கள். நீராடுங்கள், தவறில்லை. ஊர் திரும்பியதும் கணவன் மனைவி இருவருமாக மருத்துவரையும் பாருங்கள். பெண்ணை மட்டும் அனுப்பாதீர்கள். இங்குள்ள குரங்குகளிடம் எச்சரிக்கை! எங்கள் புளிச்சோற்றுப் பொட்டலத்தில் இரண்டைப் பறிகொடுத்தோம்.

அடுத்து சிங்கா பெசார் அருகே கருடன்களைக் காட்டுவார்கள். கோழித் தோலையும் குடலையும் கடலில் வீசி அவற்றை இறக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் வேட்டையாடிப் பிழைக்கும் பறவை வீசும் தீனிக்கு ஏங்கி நிற்பது நல்லதல்ல என்று இயற்கை ஆர்வலர்கள் கண்டித்திருக்கிறார்கள். “போடவேண்டாம், சும்மா பார்க்கிறோம்” என்று படகுக்காரரிடம் சொல்லலாம். நாங்கள் சொன்னோம். கருடன் அப்போதும் வந்தது.

மூன்றாவது பெராஸ் பாசா. ‘நனைந்த அரிசி’ என்று பொருள். வெண்மணல், ஆழமில்லாத கரை, பிள்ளைகள் குளிக்க ஏற்றது. நாங்கள் மீதிப் புளிச்சோற்றை அங்கேதான் சாப்பிட்டோம்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் வெள்ளைப் பாய் விரித்த படகு ஒன்று சத்தமே இல்லாமல் கடந்து போனது. லங்காவி பாய்மரப் படகுகளுக்குப் பெயர்போன இடம். 2003 முதல் இங்கே பன்னாட்டுப் பாய்மரப் போட்டி நடந்து வருகிறது. தெலாகா துறையிலும் ரெபாக் தீவிலும் கொடிமரங்கள் காடுபோல் நிற்கும். 2004 டிசம்பர் சுனாமியில் அந்த இரண்டு துறைகளும் அடிபட்டு மீண்டவை. மாதக்கணக்கில் படகிலேயே குடியிருந்து, தீவு தீவாக நங்கூரமிட்டு வாழும் வெளிநாட்டுத் தம்பதிகளும் உண்டு.

“காத்து எதிர்ல அடிச்சா எப்படிப் போவாங்க?” என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாயும் போகாது. ஆகவே மலைத்தோட்டத்துப் பாதைபோல், வலப்பக்கம் சாய்ந்து கொஞ்சம், இடப்பக்கம் சாய்ந்து கொஞ்சம் என்று வளைந்து வளைந்து முன்னேறுவார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அவர்களில் பலர் இங்கிருந்து மேற்கே இலங்கைக்குப் பாய் விரிப்பார்கள். பழைய காலத்து மாலுமிகள் ஊர் திரும்பியதும் இதே காற்றில்தான்.

பாய்மரப் படகில் ஒரு மாலைச் சுற்றுக்கு ஏற்பாடு உண்டு. நம் கைக்கு அது கொஞ்சம் கனம். சிறு படகே போதும்.

பணத்தைப் பற்றி இன்னொன்று. லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. பீங்கான் தட்டும் சாக்லெட்டும் பார்த்ததும் நம் பெண்கள் திரும்பும் பஸ் காசையும் மறந்துவிடுகிறார்கள். ஆண்களுக்கோ மது மலிவு. குடித்துவிட்டுப் படகேறவோ கடலில் இறங்கவோ எண்ணுகிறவரை விடுதியிலேயே விட்டுவிட்டுப் போங்கள்; முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கடைசிப் பெர்ரி எத்தனை மணிக்கு என்பதை வந்து இறங்கியதுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது பாட்டி வலப்பக்கம் இடம் பிடித்துக்கொண்டார். ஜெராய் அந்தப் பக்கம் தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மடியில் ஒரு சிறிய போத்தல். டாயாங் பூந்திங் ஏரித் தண்ணீர். தோட்டத்தில் யாருக்கென்று மருமகள் கேட்டார். “அது உனக்கெதுக்கு?” என்று முந்தானையால் அதை மூடிக்கொண்டார் பாட்டி.