ஈயத்தை முந்தும் அயோடின்

திருநெல்வேலி வாசகி ஒருவர் எழுதியிருந்தார். மாமியாருக்கு சிடி ஸ்கேன் எடுக்கும்போது கையில் ஊசி குத்தி ‘டை’ ஏற்றினார்களாம். உடம்பெல்லாம் குப்பென்று சூடு பரவ, மாமியார் பயந்துபோனாராம். எலும்பையே காட்டிவிடும் எக்ஸ்ரேக்குத் துணையாக இன்னொரு மருந்து எதற்கு, அது உடம்பிலேயே தங்கிவிடாதா என்று கேட்கிறார். இந்த இரண்டு கேள்விக்கும் டென்மார்க்கில் பதில் இருக்கிறது.

எக்ஸ்ரேயைத் தடுக்கும் திறன் அணு எண்ணோடு வேகமாக ஏறும். ஏறத்தாழ அதன் மும்மடிக்கு ஏற்ப. எலும்பிலுள்ள கால்சியத்தின் எண் 20, தசையின் கார்பனும் ஆக்சிஜனும் 6, 8. அதனால்தான் எலும்பு வெள்ளையாக விழுகிறது. இரத்தமும் தசையும் இந்தக் கணக்கில் ஒன்றுபோலவே இருப்பதால் இரத்தக் குழாய் தனித்துத் தெரியாது. எண் 53 கொண்ட அயோடினை இரத்தத்தில் கலந்தால் தெரியும்.

எனக்கு இதில் சலிக்காத விந்தை ஒன்று உண்டு. மேற்சொன்ன விதிப்படி எண் 82 உள்ள ஈயம் அயோடினை எளிதாக வென்றிருக்க வேண்டும். ஆனால் ஸ்கேன் அறையில் புழங்கும் 60 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில், ஒரு கிராம் அயோடின் ஒரு கிராம் ஈயத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கதிரைத் தடுக்கிறது! ஈயம் அடர்த்தியானது, மலிவானது. கவச அங்கிக்கு அதைத் தேர்ந்ததற்கு அதுவே போதுமான காரணம்.

அயோடின் எப்படி முந்துகிறது? எங்கள் ஊர்க் கிணற்றில் கோடையில் கயிறு ஒரு முழம் குறைந்தாலும் வாளி வெறுமையாகத்தான் மேலே வரும். அணுவின் உள்வட்ட எலெக்ட்ரானும் அப்படி ஓர் ஆழத்தில் இருக்கிறது. அயோடினில் அந்த ஆழம் 33.2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், ஈயத்தில் 88. கதிரின் ஆற்றல் 33.2-ஐத் தாண்டிய கணத்தில் அயோடினின் தடுப்புத்திறன் ஐந்து மடங்குக்கு மேல் எகிறுகிறது. 60 உள்ள கதிருக்கோ ஈயத்தின் உள்வட்டம் எட்டவே எட்டாது.

எலெக்ட்ரான்கள் இப்படிப் படிப்படியான நிலைகளில்தான் இருக்கும் என்று 1913-இல் சொன்னவர் டென்மார்க்கின் நீல்ஸ் போர். ஒவ்வொரு தனிமத்துக்கும் இந்த ஆழங்கள் தனித்தனி என்பதால், எக்ஸ்ரே நிறமாலையைக் கொண்டே தனிமத்தை அடையாளம் காணலாம். கோபன்ஹேகனில் போரின் நிறுவனத்தில் டிர்க் கோஸ்டரும் ஜார்ஜ் தெ ஹெவெசியும் சிர்கோனியக் கனிமங்களில் தேடி, 72-ஆம் தனிமமான ஹாஃப்னியத்தை அப்படித்தான் பிடித்தார்கள். 1922 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் தம் நோபல் உரையிலேயே போர் அதை அறிவித்தார்.

அதே டென்மார்க்கில்தான், 1935 முதல் 1947 வரை, ஏறத்தாழ ஆயிரம் நோயாளிகளுக்கு மூளை இரத்தக் குழாய்களைப் படமெடுக்க ‘தோரோட்ராஸ்ட்’ ஏற்றப்பட்டது. அது தோரியம் டை ஆக்சைடு கலந்த கூழ்மம். தோரியத்தின் எண் 90. படம் பளிச்சென்று வந்தது. அன்றைய அயோடின் உப்புகள் தந்த எரிச்சலும் இதில் இல்லை. ஆனால் தோரியத்தின் உள்வட்டம் கிட்டத்தட்ட 110 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆழத்தில் கிடக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் வழக்கமான எக்ஸ்ரேயில் அது அயோடினை வெல்லவில்லை. வலியில்லாத படம் என்ற வசதிக்காகக் கதிரியக்கப் பொருள் ஒன்றை உடம்புக்குள் குடியேற்றிவிட்டார்கள். அது வெளியேறவில்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் படிந்து, ஆயுள் முழுக்க ஆல்ஃபா துகள்களை வீசியது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் புற்றுநோயும் இரத்தப் புற்றுநோயும் மற்றவர்களைவிடப் பல மடங்கு வந்தன. 1932-லேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு எச்சரித்திருந்தும் இது நடந்தது என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

ஆனாலும் அந்த நோயாளிகளை டென்மார்க் கைவிடவில்லை. மருத்துவமனைகளில் பெயர்கள் பத்திரமாக இருந்தன. 1943 முதல் நாடு முழுவதும் புற்றுநோயைப் பதிவு செய்யும் ஏடும் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு அந்த நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். ஆல்ஃபா கதிர் உடம்புக்குள் என்ன செய்யும் என்று உலகம் அறிந்ததில் அவர்களுக்குக் கணிசமான பங்குண்டு.

வாசகியின் மாமியாருக்கு ஏற்றியது வேறு. ஒரு பென்சீன் வளையத்தில் மூன்று அயோடின் அணுக்களைப் பிணைத்த மூலக்கூறு அது. உடம்பெங்கும் வந்த சூடு சில நொடிகளில் அடங்கிவிடும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரோடு போய்விடும். அதனால்தான் ஸ்கேனுக்கு முன் கிரியாட்டினின் பரிசோதனை கேட்கிறார்கள். காசு பிடுங்கும் வேலை என்று நம்மில் பலர் முணுமுணுக்கிறோம். தயவுசெய்து அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். முன்பு டை ஏற்றியபோது அரிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் ஊசி போடுமுன்பே சொல்லுங்கள். நம் வீடுகளில் பழைய ரிப்போர்ட் பரணுக்குப் போகிறது, பிறகு பழைய பேப்பர்க்காரரிடம். அடுத்த மருத்துவர் அதே ஸ்கேனை மறுபடி எழுதித்தர வேண்டியிருக்கிறது, மறுபடி கதிர், மறுபடி டை. எந்த ஆண்டு, எந்த உறுப்பு, என்ன மருந்து, எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்து, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் அதை நீட்டுங்கள்.