கண்ணை அளக்கக் கற்பிக்கும் கணிப்பொறி

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிக்கும், ஆவடிப் பள்ளியில் கரும்பலகையை உற்று நோக்கும் சிறுவனுக்கும் ஒருங்கே வேண்டுவது தெளிந்த பார்வை. பார்வையை அளந்து தக்க கண்ணாடியைக் குறித்துத் தரக் கற்பிப்பது ஆப்டோமெட்ரி என்னும் கல்வி. சென்னையில் சங்கர நேத்ராலயத்தைச் சார்ந்த எலைட் ஸ்கூல் ஆப் ஆப்டோமெட்ரி 1985-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில், நூம்பலில், 2017-ஆம் ஆண்டில் அரவிந்த் கண் மருத்துவமனை திறக்கப்பெற்றது. கண் மருத்துவமனைகள் பெருகுங்கால், பிழையின்றி அளக்கவல்ல கைகளும் பெருக வேண்டுமன்றோ?

இக்கல்வியில் கடினமான பாடங்களுள் ஒன்று ரெட்டினாஸ்கோப் என்னும் கருவியைக் கையாளுதல். அதன் ஒளிக்கற்றையைக் கண்ணின்மீது செலுத்தி அசைத்தால், கண்மணிக்குள் செந்நிற ஒளி தோன்றி அசையும். கற்றை செல்லும் திசையிலேயே அவ்வொளி சென்றால் குவிவில்லையும், எதிர்த்திசையில் சென்றால் குழிவில்லையும் இட்டுப் பார்த்தல் வேண்டும். அசைவு நின்று, கண்மணி முழுதும் ஒளி நிறையும் வில்லையைக் கண்டபின் இன்னொரு கணக்கு உண்டு. 66 செ.மீ. தொலைவிலிருந்து பார்த்தமைக்காக 1.50 டயாப்டரைக் கழித்தல் வேண்டும். +2.50 வில்லையில் அசைவு நின்றதெனின், கண்ணுக்கு உரியது +1.00 ஆகும்.

கழிக்க மறந்தால் என்னாகும்? வளர்ந்தவர், "தொலைவில் உள்ளது மங்கித் தெரிகிறது" என்று உடனே சொல்லிவிடுவார். மூன்று வயதுக் குழந்தைக்கு அவ்வாறு சொல்லத் தெரியாது. இளமையில் தெளிந்த உருவம் விழாத கண், பின்னாளில் சரியான கண்ணாடி அணிந்தாலும் கூர்மை பெறாத 'சோம்பேறிக் கண்' ஆகிவிடக்கூடும்.

நேயர்களே, இங்கேதான் கணிப்பொறி ஆசிரியருக்குத் துணை நிற்கிறது. வினா விடுத்து, மாணவரின் விடைக்கேற்ப அடுத்த பாடத்தைக் காட்டும் கணிப்பொறிக் கல்வி புதிதன்று. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-ஆம் ஆண்டிலேயே 'பிளேட்டோ' என்னும் பெயரால் அது தொடங்கியது. இன்று திரையில் ஒரு கண் தோன்றுகிறது. மாணவர் ஒளியை அசைத்து, வில்லைகளை மாற்றி, விடை கூறுகிறார். அக்கண்ணின் உண்மை அளவு கணிப்பொறிக்கு முன்னரே தெரியும். ஆதலின், விடையில் 1.50 மிகுந்திருந்தால், கழிக்க மறந்ததே பிழை என்று சுட்டிக்காட்ட இயலும். அதே பாடத்தை நூறு முறை செய்தாலும் எவர் கண்ணும் சோர்வதில்லை.

ஆயினும் திரையிலுள்ள கண் அழாது. தாயின் மடியில் முகம் புதைக்காது. குழந்தையைச் சிரிக்கச் செய்து தொலைவில் நோக்க வைக்கும் பொறுமையை மருத்துவமனையில், மூத்தோர் அருகிருந்து கற்பிக்க வேண்டும். கணக்கில் நேரும் பிழைகளைத் திரையின் முன்னரே தீர்த்துக்கொண்ட மாணவர், அங்கே குழந்தையின்மீதே தம் கவனம் முழுவதையும் வைக்க இயலும்.